விழுப்புரம் ஜங்ஷனுக்கும் பனிச்சறுக்குக்கும் நடுவே ஒரு கொக்கி

எபிசோடின் தொகுத்த எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

கேள்வி-பதில் எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒன்னை மட்டும் தனியா எடுத்து வெச்சிருந்தேன். பெங்களூருல வேலை பார்க்கிற ஒரு நேயர், ஆபீஸ் நண்பர்களோட குல்மார்க் போறாங்களாம். "ஸ்கீ வாடகைக்கு எடுக்கும்போது பைண்டிங் எதுன்னு பார்க்கணுமா? இல்ல, எது குடுத்தாலும் ஒன்னுதானா?" இதுதான் கேள்வி.

பைண்டிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பனிச்சறுக்குப் பலகையையும் உங்க பூட்ஸையும் சேர்த்துப் பிடிக்கிற பாகம். ஆளும் பலகையும் சந்திக்கிற இடம். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா இன்டர்ஃபேஸ்.

சுருக்கமான பதில்: முதல் தடவை போறவங்களுக்கு கம்பெனி பேர் முக்கியம் இல்ல. உங்க பூட்ஸுக்கு அது பொருந்துதா, உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி செட் பண்ணியிருக்காங்களா, இந்த ரெண்டும் ரொம்ப முக்கியம்.

நீளமான பதிலுக்கு உங்களை காஷ்மீருக்குக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. திண்டிவனம் வழியா விழுப்புரத்துக்குப் போகலாம். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 37 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கு. அதுல 140 வருஷத்துக்கும் மேல வண்டி ஓடுது. அந்த வண்டிகள்ல ஒரு பெட்டியையும் அடுத்த பெட்டியையும் எது சேர்த்துப் பிடிச்சுது, அது ஏன் மாறுச்சு, மாறாத வரைக்கும் யாருக்கு என்ன ஆச்சு? இதைப் பார்த்தா, "இணைக்கிற பாகம் எதுன்றது முக்கியமா?"ங்கிற கேள்விக்கு ஒரு உருப்படியான பதில் கிடைக்கும்.

1825-ல் பிறந்த ரெண்டு பேர்

முதல்ல நார்வே. அங்க டெலிமார்க்னு ஒரு பகுதி, அதுல மோர்கெடால்னு ஒரு சின்ன ஊர். 1825-ல சோண்ட்ரே நோர்ஹைம் அங்க பிறந்தார். ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை.

அந்தக் காலத்துல ஸ்கீயில பெரும்பாலும் கால்விரல் பக்கம் ஒரு வார் மட்டும்தான். நம்ம ரப்பர் செருப்பு மாதிரி வெச்சுக்கோங்க. நேரா நடந்தா பிரச்சனை இல்ல. செருப்போட ஓடிப் பாருங்க, திடீர்னு திரும்பிப் பாருங்க, குதிச்சுப் பாருங்க. கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஸ்கீயும் அப்படித்தான் கழண்டு போகும்.

நோர்ஹைம், முறுக்கின வில்லோ மரக் குச்சியை வளைச்சு குதிகாலுக்குப் பின்னாடி ஒரு வளையம் மாதிரி கட்டினார். செருப்புக்குப் பின்வார் வெச்சா சாண்டல் ஆகுதே, அதே வேலை. இப்போ பலகை காலோட வரும். திரும்பலாம், குதிக்கலாம். 1868-ல கிறிஸ்டியானியா நகரத்துல, அதாவது இன்றைய ஓஸ்லோவுல, நடந்த போட்டியில அவர் ஜெயிச்சார். அப்போ வயசு 42-43. பிறகு 1884-ல அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1897-ல அங்கயே இறந்தார். நவீன பனிச்சறுக்கோட தந்தைன்னு இன்னிக்கு அவரைச் சொல்றாங்க.

அதே 1825-ல நார்வேயில இன்னொருத்தர் பிறந்தார். கார்ல் ஆப்ரஹாம் பீல். அவரும் 1897-ல தான் இறந்தார். இவர் ரயில்வே இன்ஜினியர். மலை நாடு, மக்கள் குறைவு, பணமும் குறைவு. அகலமான பாதை போட்டா கட்டுப்படியாகாது. அதனால 3 அடி 6 அங்குல அகலத்துல குறுகிய பாதைகளை 1860களின் தொடக்கத்துல போட ஆரம்பிச்சார். குறுகிய பாதையில மலிவா, ஒழுங்கா ரயில் ஓட்ட முடியும்னு உலகத்துக்குக் காட்டின முக்கியமான ஆட்கள்ல பீல் ஒருத்தர்.

அந்த மாதிரி குறுகிய பாதைகளுக்கு ஏத்த ஒரு கப்ளிங் வகைக்கு நார்வே பேரே ஒட்டிக்கிச்சு. பெட்டியோட முனையில நடுவுல ஒரே ஒரு பஃபர். அதுல ஒரு பள்ளம். எதிர்ப் பெட்டியோட கொக்கி அந்தப் பள்ளத்துல விழுந்து மாட்டிக்கும். கறி வெட்டுற கத்தி மாதிரி இருக்குன்னு ஆங்கிலத்துல இதுக்கு சாப்பர்னும் பேர் உண்டு. எளிமை, மலிவு, வளைவுகள்ல நல்லா திரும்பும். ஆனா அதிக பாரத்துக்கும் அதிக வேகத்துக்கும் ஆனது இல்ல. அதோட எல்லா நார்வே கொக்கியும் எல்லா நார்வே கொக்கியோடயும் சேராது. உயரம் மாறும், அகலம் மாறும். பேர் ஒன்னுதான், அளவு வேற.

இந்த வகைக் கொக்கிதான் இந்திய மீட்டர் கேஜ் பாதைகள்ல பல காலம் வேலை பார்த்துச்சு.

மேயோ பிரபுவோட மீட்டர்

இப்போ நம்ம ஊர். 1870-ல வைஸ்ராய் மேயோ பிரபு ஒரு முடிவு எடுத்தார். இந்தியாவுல அதுவரைக்கும் பெரும்பாலும் 5 அடி 6 அங்குல அகலப் பாதை. அது செலவு அதிகம். புதுசா போடுற பல பாதைகளை மலிவா, ஒரு மீட்டர் அகலத்துல போடலாம்னு தீர்மானம் ஆச்சு. 1872-ல மேயோ அந்தமான்ல கொலை செய்யப்பட்டார். முதல் மீட்டர் கேஜ் ரயில் டெல்லியிலிருந்து ரேவாரிக்கு ஓடினது 1873-ல. அதைப் பார்க்க அவர் இல்ல. ஆனா அவர் எடுத்த முடிவு நூறு வருஷத்துக்கும் மேல ஓடுச்சு.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல உருவாச்சு. மெட்ராஸிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் அதோட முதுகெலும்பு மாதிரி ஒரு மீட்டர் கேஜ் பாதை. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் இதுலதான் வருது. போட்டது 1870களின் பிற்பகுதியில. அதே ஆண்டுகள்லதான் இந்தப் பக்கமெல்லாம் தாது வருஷப் பஞ்சம். 1879-ல விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளைப்பாதை வந்துச்சு. பிறகு காட்பாடி பக்கம் ஒன்னு, விருத்தாசலம் வழியா திருச்சிக்கு ஒன்னு. கடலூர், மயிலாடுதுறை பக்கம் போறதையும் சென்னைப் பக்கத்தையும் சேர்த்தா அஞ்சு திசை. விழுப்புரம் ஒரு பெரிய ஜங்ஷன் ஆனது இப்படித்தான்.

மீட்டர் கேஜ்னு முடிவு பண்ணவங்க, தண்டவாளத்தோட அகலத்தை மட்டும் முடிவு பண்ணல. எந்தப் பெட்டி, எந்த இன்ஜின், எந்த பஃபர், எந்தக் கொக்கின்னு எல்லாமே அதோட சேர்ந்து முடிவாயிடுச்சு. காட்பாடியில இது கண்ணுக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்து வர்ற மீட்டர் கேஜும் மெட்ராஸிலிருந்து மேற்கே போற பிராட் கேஜும் அங்க சந்திக்கும். சந்திக்கும், ஆனா சேராது. இந்த வேகன் அந்தப் பாதையில போகாது. மூட்டையை இறக்கி, முதுகுல சுமந்து, அடுத்த வேகன்ல ஏத்தணும். ரெண்டு சிஸ்டம் பேசிக்கலைன்னா நடுவுல ஒரு ஆள் உட்கார்ந்து டேட்டாவை எக்செல் ஷீட்ல காப்பி பண்ணுவார் இல்லையா, அதே கதைதான். இங்க அவர் முதுகுல நூறு கிலோ மூட்டை.

நடுவுல நிக்கிற ஆள்

பிராட் கேஜ்ல நிலைமை வேற. அங்க பிரிட்டிஷ் முறை. பெட்டியோட ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு பஃபர். நடுவுல ஒரு கொக்கி, அதுல தொங்குற கனமான இரும்பு வளையம், நடுவுல ஒரு திருகு. இதுக்குப் பேர் ஸ்க்ரூ கப்ளிங். ரெண்டு பெட்டியும் கிட்ட வந்ததும் ஒரு பாயின்ட்ஸ்மேன் பஃபருக்குக் கீழ குனிஞ்சு, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல போய் நிப்பார். வளையத்தைத் தூக்கி எதிர்க் கொக்கியில மாட்டுவார். ரெண்டு பக்க பஃபரும் ஒன்னையொன்னு தொடுற வரைக்கும் திருகை இறுக்குவார். அப்புறம் பிரேக் ஹோஸ் பைப்பை இணைப்பார். வெளியே வருவார்.

இதுல எங்க ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. டிரைவருக்கு சிக்னல் தப்பா போனாலோ, வண்டி ஒரு அடி பின்னாடி நகர்ந்தாலோ, அந்த ஆள் நசுங்கிடுவார்.

அமெரிக்காவுல இது இன்னும் மோசம். அங்க 19-ஆம் நூற்றாண்டுல ஒரு வளையமும் ஒரு ஊசி மாதிரி கம்பியும்தான் கப்ளிங். ஒரு பெட்டி நகர்ந்து வந்துட்டே இருக்கும்போது, வளையத்தைக் கையால பிடிச்சு சரியா நுழைச்சு, கம்பியைச் சொருகணும். ஒரு பிரேக்மேனோட அனுபவத்தை, அவர் கையில எத்தனை விரல் பாக்கி இருக்குன்னு பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு ஒரு பேச்சே இருந்துச்சு.

ஈலை ஜேனின்னு ஒருத்தர், துணிக்கடையில குமாஸ்தா. அவர் 1873-ல ஒரு கப்ளிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். உங்க ரெண்டு கை விரல்களையும் மடக்கி, ஒன்னோட ஒன்னு கோத்துப் பாருங்க. அதுதான் டிசைன். பெட்டிகள் மோதினதும் ரெண்டு இரும்பு விரலும் தானா பூட்டிக்கும். பிரிக்கணும்னா ஓரத்துல நின்னு ஒரு லிவரைத் தூக்கினா போதும். பூட்டுறதுக்கு நடுவுல ஆள் நிக்க வேண்டாம்.

தேதியைக் கவனிங்க. டெல்லி - ரேவாரி மீட்டர் கேஜ் ஓடின அதே 1873. அதாவது விழுப்புரம் பாதைக்குத் தண்டவாளம் போடுறப்பவே, ஆளைக் கொல்லாத டிசைன் காகிதத்துல இருந்துச்சு. அப்போ அது வெறும் காப்புரிமைதான், பரவலா வரலைங்கிறதும் உண்மை. அமெரிக்க கம்பெனிகளே உடனே மாத்தல. பெட்டிக்குப் பெட்டி மாத்தணும், செலவு. பிரேக்மேன் விரல் போனா கம்பெனிக்குப் பெரிய செலவு இல்ல.

லொரென்சோ காஃபின்னு அயோவா மாநிலத்து விவசாயி ஒருத்தர், இதுக்காகப் பல வருஷம் ஊர் ஊரா அலைஞ்சு பிரசாரம் பண்ணார். 1893-ல தான் சட்டம் வந்துச்சு. வண்டிகள்ல தானியங்கி கப்ளிங்கும் பிரேக்கும் இருந்தாகணும்னு அது சொல்லுச்சு. டிசைன் வந்து 20 வருஷம் கழிச்சு. நல்ல டிசைன் கண்டுபிடிக்கிறது ஒரு வேலை, அதைக் கட்டாயமாக்கறது இன்னொரு வேலைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிடிக்கணும், விடவும் தெரியணும்

இப்போ கொஞ்சம் பனிக்குத் திரும்பலாம். நோர்ஹைம் காலத்துல பிரச்சனை, பலகை சீக்கிரம் கழண்டுடுதுங்கிறது. அடுத்த அறுபது எழுபது வருஷம் எல்லாரும் அதை இறுக்கிட்டே போனாங்க. 1927-ல நார்வேக்காரர் ப்ரோர் வித், பூட்ஸோட முன் விளிம்பை இரும்பால கவ்விப் பிடிக்கிற பைண்டிங் செஞ்சார். அதுக்குப் பேர் ரொட்டெஃபெல்லா. நார்வே மொழியில எலிப்பொறின்னு அர்த்தம். வேற சிலர் குதிகாலையும் கேபிள் போட்டு இழுத்துக் கட்டினாங்க.

நல்லா பிடிச்சுது. ஆனா விழும்போதும் பிடிச்சுது. ரெண்டு மீட்டர் நீளப் பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் போக, நடுவுல முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு முறுக்கி ஒடியும். பலகை நெம்புகோல், கால் அதுல மாட்டின குச்சி. ஹ்யால்மர் ஹ்வாம்னு ஒரு வீரர். நார்வேயில பிறந்து அமெரிக்கா போனவர். 1937-ல அவருக்கே கால் ஒடிஞ்சுது. அதுக்கப்புறம், ஒரு அளவுக்கு மேல முறுக்கினா தானா கழண்டுக்கிற பைண்டிங்கை உருவாக்கினார். 1950களில் பிரான்சில் லுக், ஜெர்மனியில் மார்க்கர் மாதிரி கம்பெனிகள் இதை வளர்த்தாங்க.

இன்னிக்கு கடையில உங்க எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடிப்பாகத்தோட நீளம், நீங்க எப்படிச் சறுக்குவீங்க, இதையெல்லாம் கேட்டு ஒரு எண் போடுவாங்க. எவ்வளவு விசைக்கு அது விடணும்ங்கிறதுதான் அந்த எண். குறைவா வெச்சா நடுவழியில கழண்டுடும். அதிகமா வெச்சா எலும்பு போகும். பொய்யா எடையைக் குறைச்சுச் சொல்ற இடம் இது இல்ல மக்களே.

1970களுக்கு அப்புறம் பனிச்சறுக்குல கீழ்க்கால் எலும்பு முறிவு நல்லாவே குறைஞ்சுது. இந்த பைண்டிங்குக்கு அதுல பெரிய பங்கு. ஆனா முழங்கால் ஜவ்வு கிழியறதை அது அந்த அளவுக்குத் தடுக்கல. எந்த விசைக்காக வடிவமைச்சாங்களோ அந்த விசையைத்தான் அது கவனிக்கும்.

நம்ம ஊர் மாட்டு வண்டியிலயும் இதே அறிவு இருக்கு. நுகத்தடியையும் மாட்டோட கழுத்தையும் சேர்க்கிறது பூட்டாங்கயிறு. வண்டி இழுக்கிற வரைக்கும் அது பிடிக்கணும். மாடு இடறி விழுந்தா சட்டுனு அவிழ்க்க வரணும். அவிழ்க்கவே முடியாத முடிச்சு நல்ல முடிச்சு இல்ல.

பிரிஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆகும்?

இதை யோசிக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு தேதி இருக்கு. 1889 ஜூன் 12, அயர்லாந்துல அர்மா. சண்டே ஸ்கூல் பிள்ளைங்க சுற்றுலா போன ரயில். ஏத்தத்துல இன்ஜின் திணறி நின்னுடுச்சு. பாதிப் பெட்டிகளைக் கழட்டி விட்டுட்டு, மீதியை முதல்ல இழுத்துட்டுப் போகலாம்னு முடிவு பண்ணாங்க. அந்த வண்டியில இருந்த பிரேக், ஹோஸைப் பிரிச்சா வேலை செய்யாத வகை. கழட்டின பெட்டிகள் சரிவுல பின்னோக்கி உருண்டு, பின்னாடி வந்த ரயில் மேல மோதுச்சு. சுமார் 80 பேர் இறந்தாங்க, நிறைய பேர் குழந்தைங்க. அதே வருஷம் பிரிட்டன்ல சட்டம் வந்துச்சு: பயணிகள் ரயில்ல, தொடர்பு அறுந்தா தானா விழுற பிரேக் இருக்கணும்.

விழுப்புரம் வழியா ஓடின வேக்குவம் பிரேக் வண்டிகள்ல இருந்ததும் இந்தத் தத்துவம்தான். ஓடிட்டு இருக்கும்போது கொக்கி அறுந்தா, ஹோஸ் பைப்பும் பிரியும். பைப்புல வெற்றிடம் போச்சுன்னா பிரேக் தானா விழும். ரெண்டு துண்டும் நின்னுடும். பிரேக் போடுறதுக்கு விசை தேவையில்ல, பிரேக் விழாம இருக்கத்தான் விசை தேவை. இப்போ இருக்கிற ஏர் பிரேக்குலயும் பைப்புல காத்து இறங்கினா பிரேக் விழும்.

ஸ்கீயும் இதே பாடத்தைப் படிச்சுது. கழண்ட பலகை சும்மா இருக்காது, சரிவுல அம்பு மாதிரி கீழ போய் இன்னொருத்தர் மேல மோதும். முதல்ல ஒரு வாரால அதைக் காலோட கட்டி வெச்சாங்க. 1970களில் ஸ்கீ பிரேக் பரவலாச்சு. பூட்ஸ் வெளியே வந்ததும் ரெண்டு சின்ன கம்பி கீழ நீட்டி பனியில குத்தி நிறுத்தும். அர்மாவுல கத்துக்கிட்ட அதே பாடம், வேற மலையில.

ஒரே நாள்ல மாத்தின ஊர், மாத்தவே முடியாத ஊர்

பழைய கப்ளிங்கை எப்படி மாத்துறது? ஜப்பான் இதுக்கு ஒரு பதில் வெச்சிருந்துச்சு. பல வருஷமா புதுக் கப்ளிங்குகளை வண்டிகளோடயே தொங்கவிட்டு வெச்சிருந்து, 1925 ஜூலை 17 அன்னிக்கு ஹோன்ஷு தீவுல சரக்கு வண்டிகளை நிறுத்தி, மொத்தமா மாத்திட்டாங்க. மூணு நாள் கழிச்சு கியூஷூ தீவு. நம்ம வேலையில இதை பிக் பேங் மைக்ரேஷன்னு சொல்வோம். பெரும்பாலும் மேனேஜர் பயந்து ஒத்துக்க மாட்டார்.

ஐரோப்பா இன்னொரு பதில். பல நாடு, பல கம்பெனி. எல்லாரும் ஒரே நேரத்துல மாறணும், இல்லைன்னா ஒருத்தர் வேகன் இன்னொருத்தர் வேகனோட சேராது. அதனால பல பத்தாண்டா பேசிட்டே இருக்காங்க. இன்னிக்கும் அங்க பெரும்பாலான சரக்கு வேகன்களை ஒரு ஆள் நடுவுல போய்த்தான் திருகி மாட்டுறார்.

இந்தியா மூணாவது வழி: ரெண்டையும் வெச்சுக்கிட்டு அடாப்டர் போடு. பெரிய சரக்கு வேகன்கள்ல ஜேனி வகை, அதாவது சென்டர் பஃபர் கப்ளர், 1960களிலிருந்து பரவுச்சு. பயணிகள் பெட்டியில ஸ்க்ரூ கப்ளிங் தொடர்ந்துச்சு. இன்ஜின்ல ரெண்டுக்கும் சேர்ற மாதிரி ட்ரான்சிஷன் கப்ளர். பழைய ஏபிஐயை நிறுத்தாம புதுசையும் ஓட்டுற மாதிரி.

விழுப்புரத்துல நடந்த மாற்றம் இன்னும் சுவாரசியம். 1960களின் நடுவுல தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கினாங்க. ஜப்பான்ல செஞ்ச ஒய்.ஏ.எம்.1 இன்ஜின்கள் திண்டிவனம் வழியா ஓடுச்சு. இந்தியாவுலயே மின்சார மீட்டர் கேஜ் மெயின் லைன் இது ஒன்னுதான். ஆனா 1992-ல நாடு முழுக்க ஒரே கேஜ்ங்கிற திட்டம் வந்ததும், கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் பிராட் கேஜ் ஆச்சு. முதல்ல சென்னை - விழுப்புரம் - திருச்சி. மயிலாடுதுறை, காட்பாடி பக்கங்கள் மாறி முடிக்க 2010 வாக்குல ஆயிடுச்சு. நடுவுல சில வருஷம், சென்னையிலிருந்து பிராட் கேஜ்ல வந்தவங்க, விழுப்புரத்துல இறங்கி, பெட்டி படுக்கையோட பிளாட்பாரம் மாறி மீட்டர் கேஜ் வண்டி பிடிச்சாங்க. காட்பாடியில மூட்டைக்கு நடந்தது, இங்க மனுஷனுக்கு நடந்துச்சு.

பிராட் கேஜ் வந்ததும் நார்வே கொக்கி போச்சு. வந்தது எது? பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டிகளோட ஸ்க்ரூ கப்ளிங். ஐசிஎஃப் 1955-ல நேரு திறந்து வெச்ச தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்து தொழில்நுட்பம். நீலக் கலர் ரயில்னு நமக்கெல்லாம் தெரிஞ்ச பெட்டி. அதுல ஒரு குறை. பெரிய மோதல்ல ஸ்க்ரூ கப்ளிங்கால பெட்டிகளை ஒரே மட்டத்துல பிடிச்சு வெக்க முடியாது. பஃபர் பஃபர் மேல ஏறி, ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள்ள புகுந்துடும். உயிர்ச்சேதம் அதிகமாகறது அங்கதான்.

ஜெர்மன் வடிவமைப்புல வந்த எல்எச்பி பெட்டிகள்ல ஓர பஃபரே கிடையாது. நடுவுல இறுக்கமா பூட்டுற சென்டர் பஃபர் கப்ளர். தடம் புரண்டாலும் பெட்டிகள் ஒன்னையொன்னு பிடிச்சுக்கிட்டு, மேல ஏறாம இருக்கிற வாய்ப்பு அதிகம். 2018 ஜனவரியில பழைய வகைப் பெட்டி தயாரிக்கிறதை ஐசிஎஃப் நிறுத்திடுச்சு.

இங்க ஒரு விஷயம் பாருங்க. விபத்துல ஸ்கீ பைண்டிங் விடணும். விபத்துல ரயில் கப்ளிங் விடக் கூடாது. ஒரே கேள்விக்கு நேர் எதிர்ப் பதில், ரெண்டும் சரி. ஏன்னா ஸ்கீயில பலகை உங்க காலை ஒடிக்கும். ரயில்ல பக்கத்துப் பெட்டி உங்களை நேரா நிக்க வெக்கும். நல்ல இணைப்பு எதுன்னு பொதுவா சொல்ல முடியாது. தப்பு நடக்கும்போது பிடிச்சா ஆபத்தா, விட்டா ஆபத்தான்னுதான் கேட்கணும்.

அப்போ, முக்கியமா?

முக்கியம்தான். ஆனா யாருக்கு முக்கியம்ங்கிறது வேற விஷயம்.

வாங்குறவருக்குப் பெரும்பாலும் கம்பெனி பேர் முக்கியம் இல்ல. சமதளத்துல போற ஸ்கீயில ரெண்டு பெரிய பைண்டிங் முறை பல வருஷம் போட்டி போட்டுச்சு, ஒன்னோட பூட்ஸ் இன்னொன்னுல மாட்டாது. 2016 வாக்குல சாலமன் கம்பெனியே போட்டியாளரோட முறைக்குப் பொருந்துற பைண்டிங்கைக் கொண்டு வந்துடுச்சு. எது சிறந்ததுங்கிற சண்டை, எதோட எது சேரும்ங்கிற கேள்விகிட்ட தோத்துச்சு. அதனால குல்மார்க் போற நண்பரே, கடைக்காரர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "இந்த பூட்ஸுக்கு இந்த பைண்டிங் சரியா? என் எடைக்கு செட் பண்ணிட்டீங்களா?" பண்ணலைன்னா, நின்னு பண்ண வைங்க.

ரயிலுக்கு வந்தா, கப்ளிங்கைத் தேர்ந்தெடுக்கிறவர் அதுக்கு நடுவுல நிக்கிறதில்ல. 1870-ல தீர்மானம் பண்ணவங்க கல்கத்தாவுலயும் லண்டன்லயும் இருந்தாங்க. மூட்டை சுமந்தவர் காட்பாடியில இருந்தார். 2024 நவம்பர்ல பீகார்ல பரௌனி ஜங்ஷன்ல, இன்ஜினைக் கழட்டப் போன ஒரு ரயில்வே ஊழியர் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல நசுங்கி இறந்தார். ஜேனி காப்புரிமை வாங்கி 151 வருஷம் ஆச்சு. கப்ளர் தானா பூட்டினாலும் ஹோஸ் பைப்பை மாட்ட, கழட்ட இன்னும் ஒரு கை தேவைப்படுது. அந்தக் கை இருக்கிற இடத்துல ஒரு ஆள் இருக்கார்.

நம்ம வேலையில "இன்டர்ஃபேஸ் தானே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு ரொம்ப சுலபமா சொல்லிடுவோம். அப்புறம் பார்க்கிறவர் வேற ஒருத்தரா இருப்பார்.

அடுத்த தடவை தென் மாவட்டம் போற ரயில் விழுப்புரத்துல நிக்கும்போது, பிளாட்பாரத்துல நின்னபடியே ரெண்டு பெட்டிக்கு நடுவுல பாருங்க. ஓரத்துல ரெண்டு வட்ட பஃபர் இருந்தா அது பழைய ஸ்க்ரூ கப்ளிங் குடும்பம். பஃபரே இல்லாம நடுவுல மட்டும் ஒரு இரும்புக் கை இருந்தா எல்எச்பி. எட்டிப் பார்க்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். அங்க இறங்கற வேலை ஒருத்தருக்கு இருக்கு, அவர் பத்திரமா வெளியே வரட்டும்.

கேள்விகள் அனுப்பிட்டே இருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.